அயலூர்த் தொழிலாளரும் இன்சொற் பயிற்சியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுமாறு சங்கத்தார் எமக்கு அளித்த விஷயம், நமது கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளர்க்கு வாடிக்கைக்காரரை உபசரிக்கும் முறையைக் கற்பித்தல் என்பதாகும். இதனை இக்காலத்தார் மென்திறன் பயிற்சி என்று வழங்குகின்றனர். பெயர் புதிது, பொருள் மிகப் பழையது. வந்தவரை முகமலர்ந்து வரவேற்றலும், அவர் வேண்டுவதை அறிந்து கொடுத்தலும், பிழை நேர்ந்தவிடத்து அதனை ஒப்புக்கொண்டு திருத்துதலும், சினந்தவர் முன் நிலை குலையாதிருத்தலுமே அப்பொருள். இவற்றை நம் முன்னோர் உபசாரம் என்றும் இன்சொல் என்றும் சொல்லிப் போந்தனர்.

சங்கத்தார் இவ்விஷயத்தைக் கொடுத்தபொழுது, அத்தொழிலாளர்க்கு நாம் கற்பிக்க வேண்டியவற்றை வரிசையாக எடுத்துச் சொல்லுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றையும் சொல்லுவோம். ஆயின், அதற்கு முன் நாம் கற்க வேண்டியது ஒன்று உளது. அதனை முதலில் சொல்லாதொழியின் எம் உரை பாதியுரையே ஆகும்.

சென்ற ஆண்டில் ஒரு நாள் நம் பக்கத்துப் பட்டணம் ஒன்றில் ஓர் உணவு விடுதியில் யாம் பலகாரம் உண்டுகொண்டிருந்தோம். விடுதியின் பெயர் ஈண்டு வேண்டா. அடுத்த மேஜையில் முதியவர் ஒருவர் வந்தமர்ந்தார், நீரிழிவு உடையவர். காப்பிக்குச் சீனி வேண்டாம் என்று ஒரு முறைக்கு இரு முறை சொன்னார். பரிமாறிய இளைஞர் பீகாரிலிருந்து வந்தவர். சீனி என்னுஞ் சொல் ஹிந்தியிலும் அப்பொருளுக்கே பெயர். ஆதலின் அச்சொல்லை அவர் தெளிவாய் அறிந்துகொண்டார். வேண்டாம் என்பதையோ அறிந்தாரில்லை. இரு முறை சொன்னமையால் மிகுதியாக வேண்டும் போலும் என்று எண்ணி, இரண்டு கரண்டி கூடுதலாகச் சேர்த்துக் கொண்டுவந்து, புன்னகையோடு வைத்தார். முதியவர் ஒரு வாய் பருகிச் சினந்தார். கல்லாவிலிருந்த முதலாளி எழுந்து வந்து, பலர் முன்னிலையில், "அறிவு இருக்கிறதாடா உனக்கு?" என்று இரைந்தார். இளைஞர் அப்பொழுதும் புன்னகை செய்தார். அப்புன்னகை முதியவரின் சினத்தை இரு மடங்காக்கியது.

கூட்டங் குறைந்த பின்னர் எமக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அவ்விளைஞரை விசாரித்தோம். "வாடிக்கைக்காரர் எது சொன்னாலும் சிரித்த முகமாய் இரு என்று சொன்னார்கள், அப்படியே இருந்தேன்" என்றார். அவர் பெற்ற பயிற்சி முழுவதும் அவ்வொரு வாக்கியமே. வேண்டும், வேண்டாம் என்னும் இரண்டு சொற்களையேனும் அவருக்கு ஒருவரும் கற்பித்தாரில்லை. கற்பியாதாரைக் கேட்பாரில்லை, கற்பிக்கப்படாதார் ஏச்சுண்டார். இது முதற் செய்தி.

இரண்டாவது செய்தியொன்றும் அன்றே எமக்குப் புலப்பட்டது. யாம் உள்ளே நுழைந்தபொழுது அவ்விளைஞர், "வா, உட்கார், என்ன வேணும் சொல்லு" என்று எம்மை எதிர்கொண்டிருந்தார். நரைத்த தலையைக் கண்டும் இவ்வாறு பேசுகின்றாரே என்று சற்று வருந்தினோம். முதலாளி அவரை ஏசியதைக் கேட்ட பின்னர் எம் வருத்தம் வேறு பக்கம் திரும்பியது. அவர் தமிழை எந்தப் பள்ளியில் கற்றார்? அக்கடையிலேயே கற்றார். அங்கே நாள் முழுவதும் அவர் காதில் விழும் தமிழ் யாது? வா, போ, எடு, வை, துடை, சொல்லு என்பவையே. தமக்குச் சொல்லப்பட்ட தமிழையே அவர் எமக்குச் சொன்னார். தம்மிடம் பிறர் 'வாருங்கள்' என்று ஒரு நாளேனும் சொல்லக் கேட்டிராதவர், 'வாருங்கள்' என்று எங்ஙனம் சொல்லுவார்?

அவர் தம் தாய்மொழியில் மரியாதை அறியாதவரோ எனின், அஃதும் இல்லை. மிதிலைப் பகுதியில் வழங்கும் மைதிலி மொழியில் முன்னிலை ஒருவரையே அவர்தம் நிலைக்கேற்பத் 'தோ' என்றும் 'அஹா' என்றும் 'அப்னே' என்றும் படிப்படியாக உயர்த்தி வழங்கும் முறை உண்டு. வினைச்சொற்களும் அம்மரியாதைக்கேற்ப மாறி வரும். போஜ்புரி பேசுவோர் பெரியோரை 'ரவுவா' என்பர். ஒடியாவில் 'ஆபண', வங்காளத்தில் 'ஆப்னி', அஸ்ஸாமியில் 'ஆபுனி' என்பன நமது 'தாங்கள்' போன்றவை. இவ்வளவு நுட்பமான மரியாதையோடு வளர்ந்த பிள்ளைகள் நம்மிடம் வந்து ஒருமையிற் பேசுவாராயின், அப்பிழை அவர்தம் ஊரிலிருந்து வந்ததன்று. நம் வாயிலிருந்து சென்றது. நாம் தொழிலாளரிடம் பேசும் தமிழே அவர் வாடிக்கைக்காரரிடம் பேசும் தமிழாகும். இன்று யாம் சொல்ல வந்தது இதுவே. இனிச் சொல்லுவன எல்லாம் இதன் விரிவே.

நிற்க. அயலூர் சென்று, அயல்மொழி பேசி, அயலார் மனம் கோணாமல் தொழில் செய்வது எத்தகையது என்பதை நம் வகுப்பாரைப் போல அறிந்தவர் சிலரே. நம் ஐயாக்கள் கொண்டுவிற்கப் போன காலத்தை எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாக இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய பிள்ளைகளே பின்னாளில் அடுத்தாளாகி, மேலாளாகி, முதலாளியாயினர். அவர்க்குப் பள்ளிக்கூடமாயிருந்தது கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளில் ஒவ்வொரு மார்க்காவுக்கும் ஒரு பெட்டி, ஒரு தாழ்ந்த சாய்வு மேஜை, ஒரு பாய் அளவே இடம். அவ்விடத்திலேயே கணக்கு, அவ்விடத்திலேயே உறக்கம். கைப்பெட்டியோடு வந்து தரையில் அமரும் சீனரையும் மலாய்க்காரரையும் மேலாள் எவ்வாறு வரவேற்கிறார், இல்லையென்பதை எவ்வாறு மனம் நோகாமற் சொல்லுகிறார், தவணை தவறியவரிடம் எவ்வாறு பேசுகிறார் என்பதைப் பையன் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றான். பர்மியப் பேச்சையும் மலாய்ப் பேச்சையும் அங்ஙனமே கற்றான்.

இங்கு நாம் கவனிக்கத்தக்கன மூன்று. முதலாவது, அப்பையன் கற்கும் வரையில் அவனைத் தனியே வாடிக்கைக்காரர் முன் நிறுத்தவில்லை. இரண்டாவது, தவணை ஏறத்தாழ மூன்றாண்டு என்று வரையறுக்கப்பட்டிருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்பொழுதே குடும்பத்தார் கையிற் சேர்ந்தது. மூன்றாவது, சென்ற ஊரில் அவனுக்கு ஒரு துணை இருந்தது. கிட்டங்கியில் பொதுச் சமையல் இருந்தது. நோயுற்றால் பார்க்க ஓர் அண்ணன் இருந்தார். வழிபடக் கோயில் இருந்தது. சிங்கப்பூர் டாங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை நம்மவர் 1859-ஆம் ஆண்டில் எழுப்பினர் என்பது நீங்கள் அறிந்ததே. வயிறும் மனமும் ஒருவாறு நிறைந்திருந்தமையாலன்றோ அப்பிள்ளைகளின் வாயில் இன்சொல் பிறந்தது? பீகாரிலிருந்து இரண்டு நாள் ரயிலேறி வந்து, கடையின் மாடியில் எண்மரோடு ஓர் அறையிற் படுத்தெழும் இளைஞர்க்கு இம்மூன்றில் எது உண்டு என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

முன்னோர் பெருமை பேசுமிடத்து அவர்தம் அனுபவத்தின் கசப்பான பகுதியையும் மறைத்தலாகாது. 1929, 1930-ஆம் ஆண்டுகளில் பர்மா மாகாணத்து வங்கி விசாரணைக் கமிட்டியார் கணக்கிட்டபொழுது, அந்நாட்டில் நம்மவர் கடைகள் சுமார் 1,650 என்றும், புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கண்டனர். பெரிய வங்கிகளின் வாசலை மிதிக்க அஞ்சிய பர்மியக் குடியானவர் நம்மவர் கடையில் அச்சமின்றி வந்து அமர்ந்தனர். அத்தனை இனிய பழக்கம்! பின்னர் உலகப் பெருமந்தம் வந்தது, நெல் விலை வீழ்ந்தது, கடன் வசூலாகவில்லை, ஈடாக இருந்த நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்கள் 13-இல், 1930-ஆம் ஆண்டில் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நம்மவர் உடைமை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 25 பங்காயிற்று. நம்மவரிற் பெரும்பாலார் நிலத்தை விரும்பி வாங்கினாரல்லர். பணம் திரும்பி வருதலையே விரும்பினர். ஆயினும் நிலமிழந்த குடியானவன் கண்ணுக்கு அவ்வேறுபாடு தோன்றுமோ? கடையில் கேட்ட இன்சொல்லை அவன் மறந்தான். இழந்த நிலத்தை நினைவில் வைத்தான். 1942-இல் யுத்தம் வந்து நம்மவர் பலர் கால்நடையாய் ஓடிவந்ததும், 1948-இல் நிலம் தேசவுடைமையாக்கப்பட்டதும் எல்லோரும் அறிந்த கதை.

இக்கதையை ஈண்டு எடுத்தது எதற்கெனின், இன்சொல் மட்டும் போதாது என்பதற்கே. வாயில் இனிமையும் கணக்கில் கடுமையும் இருப்பின், நெடுநாள் நிற்பது கணக்கேயன்றி வாயன்று. இது வாடிக்கைக்காரருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு தொழிலாளர்க்கும் பொருந்தும். ஊதியத்தைக் காலத்தில் கொடாது, ஓய்வு கொடாது, சிரிக்க மட்டும் கற்பிக்கும் பயிற்சி, சுவர் இல்லாத வீட்டுக்கு வெள்ளையடிப்பது போலாகும்.

சிரிப்பும் ஓர் உழைப்பே என்பதை நாம் அறிதல் வேண்டும். அமெரிக்க சமூகவியலறிஞராகிய ஆர்லி ஹாக்சைல்டு என்னும் அம்மையார், ஆகாய விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, 1983-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மூட்டை தூக்குவோர் உடலை விற்பது போல, இவர்கள் முகத்தின் மலர்ச்சியையும் உள்ளத்தின் அமைதியையும் கூலிக்கு விற்கின்றனர் என்பதும், அவ்வுழைப்புக்கும் களைப்பு உண்டு என்பதும் அந்நூலின் கருத்து. நம் வீட்டுக் கல்யாணங்களில் மூன்று நாள் விருந்தினரை வரவேற்ற ஆச்சிமார் இதற்குச் சான்று பகர்வர். கால் வலிக்குமுன் முகம் வலிக்கும் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அது நம் வீட்டு விருந்து. மூன்றாம் நாள் முடிந்துவிடும். கடையில் நிற்பவர்க்கோ அது நாள்தோறும் பத்து மணி நேரம்.

பத்து மணி நேரமும் நின்றபடியே என்பதையும் சேர்த்துக்கொள்க. நமது மாகாணத்தில் 2021-ஆம் ஆண்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்வோர்க்கு அமர இடம் அமைத்தல் வேண்டுமென்று விதித்தனர். கேரளத்தார் அதற்கு முன்னரே, 2018-இல், அத்தகைய சட்டம் செய்தனர். சட்டம் வந்த பின்னரும் நம் கடைகள் எத்தனையில் அந்நாற்காலி போடப்பட்டிருக்கிறது என்பதை இங்குள்ளார் தத்தம் மனத்துள் எண்ணிக்கொள்ளலாம். காலூன்ற இயலாதவரிடம் முகமலர்ச்சியை எதிர்பார்த்தல் நீதியன்று. வியாபாரத்துக்கு நன்மையும் அன்று.

திருவள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாகவும் இனியவை கூறலைப் பத்தாம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். இவ்விரண்டும் இல்லறவியலைச் சார்ந்தவை. அஃதாவது, உபசாரம் என்னுங் கடமை வீட்டுக்குடையவன்மேல் முதலில் வைக்கப்பட்டதே அன்றி, அவன் ஏவலாள்மேல் வைக்கப்பட்டதன்று. கடைக்குடையவர் தாம் இன்சொல் வழங்காது, கூலிக்கு வந்தவரை வழங்கச் சொல்லுதல் அவ்வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

இனி, கற்பிக்க வேண்டியன யாவை என்பதைச் சொல்லுவோம்.

முதலாவது, சொற்கள். இருநூறு சொற்கள் போதும். வேண்டும், வேண்டாம், போதும், இன்னும் கொஞ்சம், சூடாக, ஆறினது, காரம், உப்பு, இனிப்பு, உண்டு, இல்லை, இப்பொழுது, பிறகு என்பன போன்றவை. இவற்றுள் 'வேண்டாம்' என்பதே முதற் பாடமாதல் வேண்டும். உணவு விடுதிக்காரர் தத்தம் பட்டியலிலுள்ள பண்டங்களின் பெயரும், எதில் முந்திரி உண்டு, எதில் பால் உண்டு, எதில் இறைச்சி உண்டு என்பதும் கற்பித்தல் வேண்டும். சிலருக்கு இவை சுவையைப் பற்றிய விஷயமன்று, உயிரைப் பற்றியது.

இரண்டாவது, மரியாதை. வாருங்கள், அமருங்கள், சொல்லுங்கள் என்னும் விகுதியைக் காதாற் கேட்டுப் பழகச் செய்தல். ஐயா, அம்மா, ஆச்சி, அண்ணன், அக்கா, தம்பி, பாப்பா என்னும் முறைப்பெயர்களை எவரிடத்து எதனை வழங்குவது என்று காட்டுதல். அவர் தம் மொழியில் இதற்கு நேரான சொல்லை அறிவாராதலின், 'உம் ஊரில் ஆப்னி என்று யாரைச் சொல்லுவீரோ அவரை இங்கு நீங்கள் என்று சொல்லும்' என்றால் ஒரு கணத்தில் விளங்கும்.

மூன்றாவது, தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் துணிவு. 'எனக்குத் தெரியவில்லை, கேட்டு வந்து சொல்லுகிறேன்' என்னும் வாக்கியம் பொன் போன்றது. இதனைச் சொன்னால் ஏச்சு விழும் என்று அஞ்சியே பலர் தலையை ஆட்டிவிட்டுத் தவறானதைக் கொண்டுவருகின்றனர். சீனிக் காப்பியின் கதை அதுதான்.

நான்காவது, பிழை நேர்ந்தால் செய்வது. மன்னிப்புக் கேட்டலும், உடனே மாற்றிக் கொடுத்தலும், மேலாளரிடம் மறையாமற் சொல்லுதலும். இங்கு முதலாளி ஒன்று செய்தல் வேண்டும். ஒரு காப்பியை, ஒரு தோசையை, எவரையுங் கேளாமல் மாற்றித் தரும் அதிகாரத்தைப் பரிமாறுபவர்க்கே அளித்தல் வேண்டும். காப்பியின் விலையை அவர் சம்பளத்திற் பிடித்தால், பிழையைத் திருத்தார், மறைப்பார்.

ஐந்தாவது, சினந்தவரை எதிர்கொள்ளல். இங்கு சிரித்தலாகாது. ஒருவர் வருந்தும்பொழுது சிரித்தால் எள்ளுவதாகவே தோன்றும். கேட்டல், தலை தாழ்த்தல், மேலாளரை அழைத்தல் என்பவையே முறை. வாடிக்கைக்காரர் இழிசொல் கூறினாலோ, கை ஓங்கினாலோ, பெண்பாலாரிடம் தகாதது பேசினாலோ, அவ்விடம் விட்டு நீங்கும் உரிமை தொழிலாளர்க்கு உண்டென்பதையும் அதே வகுப்பில் கற்பித்தல் வேண்டும். அஸ்ஸாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் நம் விடுதிகளுக்கு வந்துள்ள பெண்மக்கள் நம் வீட்டுப் பெண்மக்களே என்று எண்ணி முதலாளி அவர் பக்கம் நிற்றல் வேண்டும். ஒரு வாடிக்கைக்காரரை இழத்தல் சிறு நஷ்டம். இங்கு நமக்குப் பாதுகாப்பில்லை என்று ஒரு பெண் தன் ஊரில் சொல்லுதல் பெருநஷ்டம்.

இவையெல்லாம் கைகூடுமோ என்று ஐயுறுவோர் கேரளத்தை நோக்குக. அவ்வரசாங்கத்து எழுத்தறிவு இயக்கத்தார் 2017-ஆம் ஆண்டில் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். அயல்மாகாணத் தொழிலாளர்க்கு மலையாளம் கற்பிக்க 'ஹமாரி மலையாளம்' என்னும் பாடநூலும் இயற்றினர். சங்ஙாதி என்பதற்கு மலையாளத்தில் நண்பன் என்பது பொருள். பெயரே பாதி பாடமாயிற்று.

இனி, ஆட்சேபங்கள். சங்க அலுவலகத்தில் இவ்விஷயம் பேசப்பட்டபொழுது மூன்று ஆட்சேபங்கள் எழுந்தன.

'ஆறு மாதத்தில் ஓடிப்போகிறவர்க்குக் கற்பித்து என்ன பயன்?' என்றார் ஒருவர். நம் கடைப்பிள்ளைகளும் தவணை முடிந்தால் ஊர் திரும்பினர். அதற்காக எந்த மேலாளும் கற்பியாதிருந்ததில்லை. நன்கு நடத்தப்பட்டுச் சென்றவர் தாம் வாராவிடினும் தம் தம்பியை அனுப்புவார். கற்பிக்கப்படாமல் ஏச்சுண்டு சென்றவரோ ஊரார் எவரையும் அனுப்பார்.

'நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை இல்லாதபொழுது அயலார்க்கு ஏன் இவ்வளவு செய்வது?' என்றார் மற்றொருவர். இவ்வினாவில் உண்மை உண்டு. இதனை எள்ளுதல் தகாது. ஆயின் நம் ஊர்ப் பிள்ளைகள் இவ்வேலைக்கு வாராதது அயலார் வந்தமையால் மட்டுமன்று. கூலியும் நேரமும் ஏச்சும் இந்நிலையில் இருப்பதனாலுமாம். வேலையை மரியாதையுள்ளதாகச் செய்தால் இருசாராரும் வருவர். நாம் நடத்தும் வகுப்பு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் திறந்திருக்கட்டும்.

'சமூகத்தில் வீண் பூசல் வரும்' என்றார் மூன்றாமவர். பூசல் வருவது பேச்சினாலன்று, பேச்சின்மையால். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான படக்காட்சிகள் கைப்பேசிகளிற் பரவின. பலர் அஞ்சி ரயிலேறினர். பீகார் அரசாங்கம் அதிகாரிகளை அனுப்பி நேரில் விசாரித்தது. இரு மாகாணத்து அதிகாரிகளும் அவை பொய்யெனத் தெளிவுபடுத்தினர். அந்நாட்களில் யாம் அறிந்த ஒரு கடையில் ஒருவரும் ஊர்க்கு ஓடவில்லை. காரணம் கேட்டபொழுது அங்கிருந்த இளைஞர் சொன்னது: "கடை ஆச்சியிடம் கேட்டோம், அவர்கள் பொய் என்றார்கள்." கேட்பதற்கு ஒரு மொழியும், நம்புவதற்கு ஒரு முகமும் அங்கு இருந்தன. அவ்வளவே. அந்த ஆச்சி எந்தப் பயிற்சியும் நடத்தியவரல்லர். காலையில் அடுப்பு மூட்டுமுன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா தம்பி என்று கேட்பவர்.

பெரியோர்களே! எம் விண்ணப்பம் இரண்டு.

ஒன்று, நமது சங்க மண்டபத்தில் வாரத்துக்கு ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்து மாலைப் பலகாரம் தொடங்குமுன் ஓய்ந்திருக்கும் மூன்று மணி முதல் நான்கு மணி வரை, பன்னிரண்டு வாரம் ஒரு வகுப்பு நடத்துவோம். வரும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாகாது. வகுப்பில் ஏட்டுப் படிப்பு வேண்டா. ஒருவர் வாடிக்கைக்காரராகவும் ஒருவர் பரிமாறுபவராகவும் நடித்துப் பழகட்டும். கல்லூரியிற் படிக்கும் நம் பிள்ளைகள் கற்பிக்கட்டும். நாளை அவர்களும் துபாயிலோ சிங்கப்பூரிலோ அயலாராக நிற்கப் போகின்றவர்களே.

மற்றொன்று, அவ்வகுப்பு தொடங்குமுன் முதலாளிமார்க்கு இரண்டு மாலை வகுப்பு. அதில் கற்பன நான்கே. தம்மிடம் வேலை செய்வோர் பெயரைச் சரியாக உச்சரித்தல். வடக்கன் என்றும் அடே என்றும் கூப்பிடும் வழக்கத்தை விடுத்தல். பிழையைத் தனியே சொல்லுதல், நன்மையைப் பலர் முன் சொல்லுதல். பரிமாறுமுன் பரிமாறுபவர் உண்டாரா என்று பார்த்தல். இவ்வகுப்புக்கு முதல் மாணாக்கராக எம் பெயரைச் செயலாளரிடம் இப்பொழுதே கொடுத்திருக்கின்றோம். ஏனெனில், எம் சொந்தக் கடையிலும் மூன்று ஆண்டுகளாக வேலை செய்யும் ஒடிசாத் தொழிலாளர் ஒருவரின் முழுப்பெயரைச் சென்ற வாரந்தான் கேட்டறிந்தோம். அதுகாறும் அவரை ஏதோ ஒரு பெயரால் அழைத்துவந்தோம். அவரும் ஏன் என்று கேளாது வந்து நின்றார். சரியான பெயரால் முதன்முறை அழைத்தபொழுது அவர் உடனே வரவில்லை; தம்மைத்தான் என்று அறிய அவர்க்குச் சிறிது நேரம் வேண்டியிருந்தது. அந்தச் சிறிது நேரத்தில் யாம் அடைந்த வெட்கமே இன்று எம்மை இங்கு பேசச் செய்தது.

நம் ஐயாக்களில் பலரை அயலூரார் 'செட்டி' என்ற ஒரு சொல்லாலேயே அழைத்தனர். பெயரைக் கேட்டவர் சிலரே. பெயரைக் கேட்ட அச்சிலரை நம் ஐயாக்கள் ஊர் திரும்பிய பின்னரும் மறவாது திண்ணையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததை இங்குள்ள முதியோர் பலர் கேட்டிருப்பர். ஒடிசாவிலும் பீகாரிலும் ஏதோவொரு திண்ணையில் நம்மைப் பற்றியும் ஒரு நாள் பேசுவர். அவர் யாது பேசுவார் என்பது இன்று நம் கையில் உளது.